பழைய ஆங்கிலேயக் கல் பண்ணைவீடுகளில் ஜன்னல்கள் ஏன் இவ்வளவு குறுகல்?

முதல் காரணம் கல்தான். ஜன்னலுக்கு மேலே கிடக்கும் கல் உத்தரம் அகலமான திறப்பைத் தாங்காது, நடுவில் விரிசல் விட்டுவிடும். அதனால் இடையிடையே கல் தண்டுகளை நிறுத்தி, ஜன்னலைக் குறுகிய பத்திகளாகப் பிரித்தார்கள். கண்ணாடியும் அப்போது விலை அதிகம், பெரிய தகடாகக் கிடைக்காது. சின்னச் சின்னத் துண்டுகளை ஈயப் பட்டையில் கோத்துப் பொருத்தினார்கள்.

லிங்கன்ஷயரில் நியூட்டன் பிறந்த வூல்ஸ்தோர்ப் வீட்டைப் பாருங்கள். மேனர், அதாவது பிரபுவின் மாளிகை, என்று பெயர், ஆனால் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய பண்ணைவீடுதான். 1665இல் பிளேக் பரவி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடியபோது அவர் இங்கேதான் திரும்பி வந்தார். எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் சுவர். 2017இல் கணப்பு அருகே காற்றாலை ஒன்றின் கீறல் சித்திரம் அதில் தெரியவந்தது. சிறுவன் நியூட்டன் கீறியதாக இருக்கலாம் என்கிறார்கள்.