தோரியம் ஆசையும் மகளின் கல்லூரித் தேர்வும்

ஓமலூரிலிருந்து எழுதிய ஐயா அவர்களுக்கு,

"தோரியம்தான் எதிர்காலம், அணுப் பொறியியல் தவிர வேறு எதுவும் படிக்க மாட்டேன்" என்கிறாளாம் மகள். ஆசையில் குறை இல்லை. ஆனால் அணு எரிபொருள் ஒன்றின் பெயரைப் பார்த்துப் பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். கல்பாக்கத்தின் 220 மெகாவாட் அணு உலைகள் கனநீரின் (நியூட்ரானின் வேகத்தைத் தணிக்கும், கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) துணையோடு இயற்கை யுரேனியத்தை வைத்தே இயங்கும்படி கட்டப்பட்டவை. கூடங்குளத்துக்குச் செறிவூட்டிய, அதாவது யுரேனியம்-235இன் பங்கை உயர்த்திய, யுரேனியம் வேண்டும். எஞ்சிய யுரேனியம்-238 உலைக்குள் நியூட்ரானை ஏற்றுப் புளூட்டோனியமாக மாறுகிறது. கல்பாக்கத்து 500 மெகாவாட் ஈனுலைக்கு (செலவழிப்பதைவிட அதிக எரிபொருளை உருவாக்கும் உலை) யுரேனியம், புளூட்டோனியம் இவ்விரண்டின் கலப்பு ஆக்சைடுதான் எரிபொருள்.

தோரியமோ ஈர விறகு. மணவாளக்குறிச்சிக் கடல்மணலில் மோனசைட் என்ற கனிமமாகக் கிடைக்கிறது. ஆனால் தானாகப் பற்றாது. பிற எரிபொருள் தரும் நியூட்ரானை வாங்கி யுரேனியம்-233 ஆன பிறகே பயன்படும். கூடவே சிறிது யுரேனியம்-232 சேர்ந்துகொள்ளும். அது சிதைந்து உருவாகும் தனிமங்கள் கடுமையான காமா கதிர்களை வீசுவதால் கையாள்வது பெரும்பாடு. யுரேனியம்-233இல் இயங்கும் கல்பாக்கத்துக் காமினி ஆய்வு உலையின் திறன் 30 கிலோவாட்தான். மகள் பார்க்கும் காணொளிகள் இதைச் சொல்லியிருக்காது.

அவளுக்கு உண்மையில் சுவைக்கவேண்டிய இடம் வேறு. யுரேனிய உலோகம் 1,132 டிகிரி செல்சியஸில் உருகும், கதிர்வீச்சில் வீங்கும். அதன் ஆக்சைடு 2,800 டிகிரிக்கு மேலும் தாங்கும். புளூட்டோனியம் 640 டிகிரியிலேயே உருகும், அதற்குள் ஆறு படிக வடிவங்கள் எடுத்துவிடும். இவற்றை அடக்கி வில்லைகளாக்கிக் குழாயில் அடைப்பது உலோகவியலாளரின் வேலை. எந்த எரிபொருள் வென்றாலும் அவர் தேவைப்படுவார்.

அந்த உலோகவியல் படிப்பு சேலம் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லையா என்று உறவினர்கள் துக்கம் விசாரிப்பார்கள், விசாரிக்கட்டும். பட்டத்துக்குப் பிறகு பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்கு முயலலாம். அதற்கு உதவும் கேட் (பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசிய அளவிலான) தேர்வுக்கு மூன்றாம் ஆண்டிலேயே தயாராக வேண்டும். போட்டி கடுமை, உறுதி சொல்ல மாட்டேன். கிடைக்காவிட்டால் உருக்காலை, வார்ப்படத் தொழில், வாகன உதிரிபாகத் துறை எல்லாம் இதே பட்டத்துக்குத் திறந்திருக்கின்றன. அணுப் பொறியியல் பட்டம் மட்டும் இருந்தால் இத்தனை வாசல் இல்லை.

கதிர்வீச்சு பற்றிய உங்கள் பயம் நியாயம். ஊழியர் ஒவ்வொருவரும் பெறும் அளவு பதிவாகிறது. எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டை (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்பது விதி.

கலந்தாய்வுக்கு முன் மகளின் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை அனுப்புங்கள். விருப்பப் பட்டியலை அவளையே எழுதச் சொல்லுங்கள், நான் பார்த்துத் தருகிறேன்.