வாக்கை எண்ணுகிறவர் யாருடைய ஆள்?

அன்புள்ள சார்,

நான் ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் பக்கத்தில் வசிக்கிறேன். அமெரிக்கா வந்து பதினான்கு வருடமாகிறது. போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. வாக்காளராகப் பதிவு செய்யப் படிவத்தை எடுத்தால் அதில் ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’ என்று போட்டிருந்தது. வெளியுறவு அமைச்சருக்கு இதில் என்ன வேலை என்று மனைவியிடம் கேட்டு அசடு வழிந்தேன். அப்புறம் விசாரித்தால், அது மாநிலப் பதவியாம். தேர்தலை மேற்பார்வை செய்கிறவரே அவர்தானாம். அவரும் ஒரு கட்சியின் வேட்பாளராக நின்று ஜெயித்து வந்தவராம்! நம் ஊரில் தலைமைத் தேர்தல் அதிகாரி நாற்காலியில் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஒருவரை உட்கார வைத்தால் சும்மா விடுவோமா? எல்லா மாநிலங்களிலும் இப்படித்தானா? எத்தனை வருடம் பதவியில் இருப்பார்கள்? பேசாமல் ஆளுநரே ஒருவரை நியமித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே?

செந்தில்குமார்

அன்புள்ள செந்தில்குமார்,

அசடு வழிந்தது நீங்கள் மட்டுமல்ல. 2014இல் சிகாகோவில் தங்கை வீட்டில் இருந்தபோது மாப்பிள்ளையின் ஓட்டுநர் உரிமத்தை மேசையில் பார்த்தேன். ‘ஜெஸ்ஸி வைட், செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’ என்று இருந்தது. வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரிதானே என்று நான் கேட்க, அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. இல்லினாயில் ஓட்டுநர் உரிமம், வண்டி நம்பர் பிளேட் எல்லாம் இந்த அலுவலகத்தின் வேலை. ஜெஸ்ஸி வைட் 1999 முதல் 2023 வரை இருந்தார். ஒரு தலைமுறையே அவர் பெயரைப் பர்ஸில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டியது. (அதே பதவியில் இருந்த பால் பவல் 1970இல் இறந்தபோது அவர் தங்கியிருந்த ஹோட்டல் அறையில் எட்டு லட்சம் டாலர்போல ரொக்கம் அகப்பட்டது, ஷூ டப்பாக்களில். அது தனிக் கதை.) ஆனால் இல்லினாயில் தேர்தல் இவர் கையில் இல்லை, அதற்கென்று வேறு வாரியம் இருக்கிறது. ஒரே பெயர், மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேலை. குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 50 மாநிலங்களில் 47இல் இந்தப் பதவி உண்டு. அலாஸ்கா, ஹவாய், யூட்டா மூன்றிலும் கிடையாது. 35 மாநிலங்களில் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். டெக்சாஸ், ஃப்ளோரிடா, நியூயார்க், பென்சில்வேனியா உட்பட ஒன்பதில் ஆளுநர் நியமிக்கிறார் (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் தேர்ந்தெடுத்தவர், நம் முதல்வர் மாதிரி). மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், டென்னசி மூன்றில் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கிறது. தேர்தலில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் நான்கு வருடம். வெர்மான்ட்டில் மட்டும் இரண்டு. மெய்னும் நியூ ஹாம்ப்ஷயரும்கூட இரண்டு வருடக் கணக்குதான். ஆளுநர் நியமித்தவர், ஆளுநரின் மனம் கோணாதவரை இருப்பார்.

உங்கள் எம்.எல்.ஏ. உவமை ரொம்பச் சரி. உங்கள் மாநிலத்திலேயே அதற்கு நல்ல உதாரணம் உண்டு. 2004இல் ஒஹையோவின் செயலர் (அதாவது செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்) கென் பிளாக்வெல். அதே சமயத்தில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் புஷ்ஷின் மாநிலப் பிரச்சாரக் குழுவுக்குக் கௌரவ இணைத் தலைவரும் அவரே. பதிவுக்குக் கடைசித் தேதி நெருங்கிய செப்டம்பரில் ஓர் உத்தரவு போட்டார்: வாக்காளர் படிவம் 80 பவுண்டு தாளில் இருக்க வேண்டும். 80 பவுண்டு என்றால் அஞ்சலட்டை மாதிரி தடித்த தாள். அதைவிட மெல்லிய தாளில் வந்தால் பதிவாகாது, புதுப் படிவம் கேட்டதாக எடுத்துக்கொண்டு இன்னொன்றை அனுப்ப வேண்டும். பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் சரி, தாள் மெலிசு! எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கினார். புஷ் அங்கே ஏறக்குறைய 1,18,000 வாக்குகளில் ஜெயித்தார். தாளின் தடிமன் அந்த முடிவை மாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த உத்தரவில் யார் கையெழுத்து என்று பார்த்தபிறகு தோற்ற கட்சிக்காரன் எதை நம்புவான்?

சரி, ஆளுநர் நியமித்தால்? ஃப்ளோரிடாவைப் பாருங்கள். 2000இல் 537 வாக்குகளில் அமெரிக்க அதிபரைத் தீர்மானித்த மாநிலம். முடிவைச் சான்றளித்த செயலர் கேத்தரின் ஹாரிஸும் புஷ்ஷின் ஃப்ளோரிடா பிரச்சாரத்தில் இணைத் தலைவர். ஆனால் அவர் 1998இல் மக்கள் தேர்ந்தெடுத்தவர். அதே 1998 தேர்தலில் மக்கள் இன்னொன்றுக்கும் வாக்களித்தார்கள்: 2003 முதல் இந்தப் பதவி ஆளுநரின் நியமனம் ஆகட்டும் என்று. அந்த ஏற்பாடு மூன்று வருடம் முன்னாலேயே வந்திருந்தால் அவரை நியமித்திருக்கக்கூடிய ஆளுநர் யார்? ஜெப் புஷ். வேட்பாளரின் சொந்தத் தம்பி.

டெக்சாஸ் கதை உங்களைப் போன்றவர்களை நேராகத் தொடுவது. 2019 ஜனவரியில் அங்கே ஆளுநரால் நியமிக்கப்பட்ட செயலர் டேவிட் விட்லி, சுமார் 95,000 பெயர்களைச் சொல்லி, இவர்கள் குடியுரிமை இல்லாதவர்களாக இருக்கலாம் என்று மாவட்டங்களுக்கு எழுதினார். பட்டியல் எப்படி வந்தது தெரியுமா? ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது கிரீன் கார்டு காட்டியவர்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். கிரீன் கார்டில் உரிமம் எடுத்து, பிறகு குடியுரிமை வாங்கி, முறையாகப் பதிவு செய்தவர்கள் ஆயிரக்கணக்கில் அதில் மாட்டினார்கள். உங்கள் உரிமமும் அப்படி எடுத்ததுதானே? நல்லவேளை, அங்கே நியமனத்துக்கு மாநில செனட்டின் ஒப்புதல் வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காமல் மே மாதத்தில் விட்லி பதவி விலகினார்.

எனக்குப் பிடித்த ஆசாமி நியூ ஹாம்ப்ஷயரின் பில் கார்ட்னர். 1976இல், 28 வயதில் வந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சட்டமன்றத்தின் 424 பேர் முன்னால் போய் நிற்க வேண்டிய வேலை. ஜனநாயகக் கட்சிக்காரர், ஆனால் குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தபோதும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 2022 ஜனவரி வரை, 45 வருடம்! நாட்டிலேயே மிகக் குறைந்த பதவிக்காலத்தில் மிக நீண்ட காலம் இருந்தவர். எளிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 2017இல் டிரம்ப் அமைத்த தேர்தல் ஆணையத்தில் சேர்ந்ததற்குச் சொந்தக் கட்சியினரே கோபப்பட்டு, அடுத்த வருடம் எதிர்வேட்பாளரை நிறுத்தினார்கள். இரண்டாம் சுற்றில் 209க்கு 205 என்று தப்பித்தார்.

அவர் எப்படி அவ்வளவு காலம் இருந்தார் என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: அவருக்கு அடுத்த நாற்காலி தேவைப்படவில்லை. மற்றவர்களைப் பாருங்கள். ஹாரிஸ் 2002இல் நாடாளுமன்றத்துக்குப் போனார். பிளாக்வெல் செயலராக இருந்துகொண்டே 2006இல் ஆளுநர் பதவிக்கு நின்று தோற்றார். ஜார்ஜியாவின் பிரையன் கெம்ப் 2018இல், தான் ஆளுநர் வேட்பாளராக நின்ற தேர்தலைத் தானே மேற்பார்வை செய்தார்; வாக்குப்பதிவு முடிந்த பிறகுதான் விலகினார். இது குடியரசுக் கட்சி வியாதி மட்டும் என்று நினைக்காதீர்கள். அரிசோனாவில் 2022இல் கேட்டி ஹாப்ஸ், ஜனநாயகக் கட்சிக்காரர், அதையே செய்து ஆளுநரானார். எப்படி வந்தார் என்பதைவிட எங்கே போகப் பார்க்கிறார் என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

என் கணக்கு இடிக்கிற இடமும் உண்டு. கெம்ப் விட்டுப்போன நாற்காலிக்கு வந்த பிராட் ராஃபென்ஸ்பெர்கர், அதே குடியரசுக் கட்சி, பொறியாளர். 2021 ஜனவரி 2ஆம் தேதி டிரம்ப் தொலைபேசியில் ஒரு மணி நேரம் போல மன்றாடி, மிரட்டி, 11,780 வாக்குகளைக் கண்டுபிடித்துத் தரச் சொன்னார். 2020 அதிபர் தேர்தலில் ஜார்ஜியாவில் அவர் தோற்ற வித்தியாசம் 11,779. ராஃபென்ஸ்பெர்கர் அசையவில்லை. மறுவருடம் டிரம்ப் ஆதரித்த போட்டியாளரையும் உட்கட்சித் தேர்தலில் வென்றார். அதற்குள் ஜார்ஜியா சட்டமன்றம் அவரை மாநிலத் தேர்தல் வாரியத் தலைமையிலிருந்து எடுத்திருந்தது. ஆக, கட்சியின் கோபத்தை நேரில் சம்பாதித்தவரும் மக்களிடம் போய் நின்று திரும்பி வந்தார், நேரடித் தேர்தலுக்கு இது ஒரு பெரிய புள்ளி. ஆனால் அவரும் 2025இல் ஆளுநர் பதவிக்குப் போட்டியிடப்போவதாக அறிவித்தார். என்ன செய்ய.

ஒஹையோவுக்கு வருகிறேன். நான்கு வருடம், தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் முடியாது. இந்த வரம்பைப் பலர் நல்லது என்கிறார்கள்; எனக்குச் சந்தேகம். எட்டு வருடத்தில் எழுந்து போயாக வேண்டும் என்றால், ஐந்தாவது வருடத்திலேயே வேறு இடம் தேடத்தானே தோன்றும்? 2018இல் வந்த ஃபிராங்க் லரோஸ், 2024இல் பதவியில் இருந்தபடியே அமெரிக்க செனட் வேட்பாளராகப் பார்த்துக் கட்சிக்குள் தோற்றார்.

உங்கள் மாநிலத்தின் 88 மாவட்டங்களிலும் நான்கு பேர் கொண்ட தேர்தல் குழு இருக்கிறது. கட்சிக்கு இரண்டு பேர். இரண்டுக்கு இரண்டு என்று சமமாகிவிட்டால் விவகாரம் செயலரிடம் போகும், அவர் ஐந்தாவது ஓட்டைப் போடுவார். அவருடைய கட்சி முக்கியமாகும் இடம் அதுதான். குழுக் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் போகலாம். ஒருநாள் போய் உட்கார்ந்து, எதில் சமமாகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.