மண்டபம் ஊரின் கடலோர அரங்கில் கிரீக்கின் பியானோ கன்சர்டோ (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது), இடைவேளைக்குப் பின் துவோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனி (பியானோ இல்லாமல் இசைக்குழு மட்டும்). பியானோவுக்கு எப்போது சுருதி சேர்ப்பது?

இரண்டு முறை. கச்சேரிக்கு முதல் நாள் முழுதாக ஒருமுறை, கச்சேரியன்று ஒத்திகை முடிந்த கையோடு மறுபடியும். தந்திகள் சுமார் 230. சேர்ப்பவருக்கு இரண்டு மணி நேரம் சத்தமில்லாத அரங்கு வேண்டும்.

ஈரக்காற்றில் தந்திகளுக்கு அடியிலுள்ள மர ஒலிப்பலகை ஊதி மேலெழும்பும், தந்தி இழுபட்டுச் சுருதி ஏறும். நடு ஸ்தாயியில்தான் இது அதிகம். ஏசி போட்டால் நேர்மாறு. சேர்த்த பிறகு ஏசியைத் தொடவே கூடாது. கச்சேரி நேரத்து நிலையிலேயே முதல் நாளிலிருந்து ஓடட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த அரங்கு என்றால் தேதியையே மாற்றுவது நல்லது. உப்புக்காற்றில் துருவேறிய தந்தி முறுக்கும்போது அறுந்துபோகும், மாற்றுத் தந்தி கையில் இருக்கட்டும்.

சுருதி சேர்க்க அடிப்படையான 'ஏ' சுரம் 440 ஹெர்ட்ஸா 442-ஆ என்பதை ஓபோ (இசைக்குழுவுக்குச் சுருதி கொடுக்கும் ஊதுகருவி) வாசிப்பவரைக் கேட்டு முன்பே முடிவு செய்யுங்கள். புழுக்கத்தில் ஊதுகருவிகள் மேலே போகும், பியானோவின் சுருதியை அந்த நேரத்தில் மாற்ற முடியாது. கன்சர்டோவுக்கு இசைக்குழு பியானோவின் 'ஏ'வைத்தான் பிடிக்க வேண்டும். சிம்பொனிக்கு ஓபோ கொடுத்தால் போதும்.

ஒன்பதடி கிராண்ட் பியானோ ஐநூறு கிலோவை நெருங்கும். இடைவேளையில் அதைத் தள்ள நாலு பேர், சக்கரப் பூட்டைத் திறக்கத் தெரிந்த ஒருவர்.