ராத்திரி பதினோரு மணி சுருட்டு ஏலம்: எவ்வளவு வரை கேட்கலாம்?

கேள்வி: அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறேன், வயது 41, ஐ.டி. வேலை. வாரத்துக்கு இரண்டு மூன்று சுருட்டு பிடிப்பேன். ஒரு வருஷமாக ஆன்லைன் ஏலத்தில்தான் வாங்குகிறேன், கடையைவிட மலிவாகக் கிடைக்கிறது. மாதம் 250 டாலர் போல ஆகிறது. ஆனால் பல தடவை மனதில் வைத்திருந்த விலையைவிடப் பத்துப் பதினைந்து டாலர் கூடக் கொடுத்து எடுத்துவிடுகிறேன். எப்படிக் கேட்டால் மலிவாக முடியும்? கடைசி நிமிடத்தில் கேட்பது நல்லதா? லண்டனில் இருக்கும் நண்பர், பழைய கியூபா சுருட்டு வாங்கி வைத்தால் விலை ஏறும், அது முதலீடு என்கிறார். அதில் இறங்கலாமா? இப்போது 20 சுருட்டுப் பெட்டி ஒன்றுக்கு 87 டாலர் போட்டிருந்தேன், 91-க்குப் போய்விட்டது. ஏற்றட்டுமா? (வீட்டில் எண்ணிப் பார்த்தேன், 410 சுருட்டு இருக்கிறது.)

பதில்: அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதைத்தான் நீங்கள் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும், அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் கேட்டதற்குப் பதில்.

இந்த மாதிரித் தளங்களில் நீங்கள் 87 என்று போட்டால், 87 உடனே விலையாக ஏறாது. அடுத்தவர் கேட்டதற்கு ஒரு படி மேலே மட்டும் உங்கள் பெயரில் தளமே ஏற்றிக்கொண்டு போகும், 87 வரை போகும், அதோடு நிற்கும். வேறு யாரும் 60-க்கு மேல் கேட்கவில்லை என்றால் பெட்டி உங்களுக்கு 61-க்கோ 62-க்கோ முடிந்துவிடும். இப்படி இரண்டாவது ஆளின் விலையில் முடிகிற ஏலத்தில், உங்களுக்கு அது எவ்வளவு பெறுமோ அதை அப்படியே கேட்பதுதான் சிறந்த வழி என்று பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரே 1961-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார், 1996-ல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. ஆகவே குறைத்துக் கேட்டு மெல்ல ஏற்றுவதில் சாமர்த்தியம் எதுவும் இல்லை, சொல்லப்போனால் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் "இன்னும் இரண்டு டாலர்தானே" என்று உங்களையே பேரம் பேச உட்கார வைக்கிறீர்கள், அந்தப் பேரத்தில் ராத்திரி பதினோரு மணிக்குத் தோற்பது எப்போதும் நீங்கள்தான்.

அப்படியென்றால் உங்கள் எண் எது? பக்கத்தில் கோடு போட்டு அடித்துக் காட்டும் 180 டாலர் "சில்லறை விலை"யைப் பார்க்காதீர்கள். அந்த விலைக்கு யாரும் வாங்குவதில்லை, உங்களை நிறையச் சம்பாதித்தது போல உணர வைக்க அது அங்கே நிற்கிறது. அதே பெட்டி சாதாரண ஆன்லைன் கடையில், ஏலம் எதுவும் இல்லாமல், இன்று என்ன விலை என்று பாருங்கள். உதாரணத்துக்கு 119 டாலர், ஷிப்பிங் இலவசம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் விற்பனை வரி 8.25 சதவீதம் என்றால் 128.82 ஆகும், சுருட்டு ஒன்றுக்கு 6.44. ஏலத்தில் அதே சுருட்டு 5.25-க்கு மேல் போகக் கூடாது என்று நினைக்கிறீர்களா? இருபதுக்கு 105. இதிலிருந்து பின்னாலே போங்கள்: வரியைக் கழித்தால் 97, ஷிப்பிங் 10-ஐக் கழித்தால் 87. கேட்க வேண்டிய விலை இதுதான். பெரும்பாலோர் இந்தக் கணக்கை முன்பக்கமாகப் போடுகிறார்கள், 92-க்கு முடிந்தது, ஆஹா 4.60 ஆச்சு என்று. ஷிப்பிங்கும் வரியும் சேர்ந்தால் அது 5.52.

சின்னக் கட்டுகளில் இது இன்னும் மோசம். ஐந்து சுருட்டுக் கட்டு ஒன்று 22 டாலருக்கு முடிகிறது, 4.40 என்று துள்ளுகிறோம். அதே 10 டாலர் ஷிப்பிங், அதே வரி, கடைசியில் 34.64. ஒன்றுக்கு 6.93, கடையைவிட அதிகம்! இதைப் பார்த்ததும் அடுத்த தவறு தானாக வரும், ஷிப்பிங் வீணாகிறதே என்று கூட இரண்டு கட்டைச் சேர்த்துக் கேட்போம். பத்து டாலரை மிச்சம் பிடிக்க நாற்பது டாலர். இதில் நான் உங்களைவிட யோக்கியன் இல்லை. சுருட்டு பிடிக்க மாட்டேன், ஆனால் பழைய ஃபவுண்டன் பேனா ஏலங்களில் இதே மாதிரி மை பாட்டில் சேர்த்துச் சேர்த்து இன்றைக்கு என் அலமாரியில் ஒரு சின்னக் கடையே இருக்கிறது.

நீங்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். மால்மெண்டியர், லீ என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஈபே ஏலங்களை வைத்து 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே பொருள், அதே தளத்தில் நிலையான விலைக்கும் கிடைக்கிறது, ஏலத்திலும் கிடைக்கிறது. 42 சதவீத ஏலங்கள் அந்த நிலையான விலையைத் தாண்டித்தான் முடிந்தன. ஷிப்பிங்கையும் சேர்த்தால் இன்னும் அதிகம். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா, பணத்தைக் கையாளக் கற்றுத்தரும் ஒரு பலகை விளையாட்டு.

கடைசி நிமிடத்தில் கேட்பது பற்றி: தளத்தின் விதியைப் பொறுத்தது. ஏலம் சொன்ன நொடியில் சட்டென்று மூடிவிடும் என்றால், கடைசியில் கேட்பதில் லாபம் உண்டு, ஏனென்றால் ஆவேசமாக ஏற்றிக்கொண்டே போகிற ஆளுக்குப் பதிலடி தர நேரம் இருக்காது. கடைசி சில நிமிடங்களில் யாராவது கேட்டால் ஏலம் தானாக நீளும் என்றால், காத்திருந்து பயன் இல்லை, தூக்கம்தான் போகும். ராத், ஆக்கென்ஃபெல்ஸ் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2002-ல் ஈபேயையும் அப்போது அமேசான் நடத்திய ஏலத்தையும் ஒப்பிட்டு இதைத்தான் கண்டார்கள். நேரம் மாறாத ஈபேயில் கடைசி நொடிக் கூட்டம் அதிகம், பத்து நிமிடம் நீளும் அமேசானில் குறைவு. உங்கள் தளத்தின் விதிப் பக்கத்தை ஒரு தடவை படித்தால் போதும். படிக்கும்போது இன்னொன்றும் பாருங்கள், ஒரே ஏலத்தில் பத்துப் பெட்டி இருந்தால் ஜெயித்த பத்துப் பேரும் அவரவர் கேட்டதைக் கட்டுகிறார்களா, ஜெயித்தவர்களிலேயே குறைவாகக் கேட்டவர் விலையைக் கட்டுகிறார்களா என்று. அவரவர் கேட்டது என்றால் நான் மேலே சொன்ன விக்ரே கணக்கு அங்கே செல்லாது, ஜெயிக்கும் பத்துப் பேரில் குறைவாகக் கேட்டவரின் விலைக்குச் சற்று மேலே ஒட்டிக்கொள்வதுதான் சரி.

அப்புறம், 90, 100 என்று முழு எண்ணாகக் கேட்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள், விலை சமமானால் முதலில் கேட்டவருக்குத்தான் போகும். ஆறு ஏலத்தில் கேட்டு வைத்தால் ஒன்றாவது விழும் என்ற யோசனையும் வேண்டாம். ஆறும் விழுகிற வாரம் ஒன்று வரும், கேட்டது எல்லாம் வாங்கியதற்குச் சமம், ரத்து செய்ய விடமாட்டார்கள். இன்னும் முடியாத ஏலங்களில் நீங்கள் கேட்டு வைத்திருக்கும் தொகைகளின் மொத்தம் உங்கள் மாத ஒதுக்கீட்டைத் தாண்டக் கூடாது. பல பிராண்டுகளைக் கலந்து கட்டிய பாக்கெட்டுகளைத் தொடவே வேண்டாம் என்பேன். அதில் நீங்கள் ஆசைப்பட்டது இரண்டு இருக்கும், விற்காதது எட்டு இருக்கும்.

ஊரில் ஏலச்சீட்டு போட்டவர்களுக்கு இது புதிதில்லை. அவசரக்காரர்தான் அதிகம் தள்ளி எடுப்பார். சீட்டிலாவது அவசரத்துக்குக் கல்யாணம், ஆஸ்பத்திரி என்று காரணம் இருக்கும், நிகராகுவா சுருட்டுக்கு என்ன அவசரம்? இந்தத் தளங்களில் வழக்கமான பிராண்டுகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். ஆறு வாரம் எதையும் கேட்காமல், உங்களுக்குப் பிடித்த நான்கைந்து பெட்டிகள் என்ன விலைக்கு முடிகின்றன என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நடுவில் வருகிற விலைதான் சந்தை விலை. அதற்கு மேல் கேட்பதற்கு உங்களிடம் எந்தக் காரணமும் இருக்காது.

சரி, லண்டன் நண்பர். அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2022-ல், கியூபா சுருட்டுகளை உலகுக்கு விற்கும் ஹபானோஸ் நிறுவனம் கோஹிபா, டிரினிடாட் என்ற பிராண்டுகளின் விலைகளை உலகம் முழுக்க ஹாங்காங் விலையை ஒட்டி உயர்த்தியது, முன்பே வாங்கி வைத்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அது அவருடைய ஊர், அவருடைய சட்டம். நீங்கள் இருக்கும் நாட்டில் கியூபா சுருட்டு 1962 முதல் தடை. தடை உத்தரவில் கையெழுத்துப் போடும் முன் அன்றைய அதிபர் கென்னடி தன் பத்திரிகைச் செயலர் பியர் சாலிஞ்சரை அனுப்பி அவசரமாக 1,200 கியூபா சுருட்டு வாங்கி வைத்துக்கொண்டார் என்று சாலிஞ்சரே பிற்பாடு சொல்லியிருக்கிறார், உங்களுக்கு அந்த வசதி இல்லை. பயணிகள் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவர இருந்த சலுகையும் 2020 செப்டம்பரில் போய்விட்டது. சட்டப்படி உங்களுக்குக் கிடைக்கும் நிகராகுவா, டொமினிகன், ஹோண்டுராஸ் சுருட்டுகளில் பெரும்பாலானவை அப்படி விலை ஏறுவதில்லை, ஏறினாலும் உரிமம் இல்லாமல் புகையிலைப் பொருளை நீங்கள் விற்கக் கிளம்பினால் சிக்கல். இதற்கு நடுவில் 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் வைத்துப் பாதுகாக்க வேண்டும், டெக்சாஸ் வெயிலில் ஏசி ஒரு வாரம் நின்றால் புகையிலை வண்டு பொரித்து ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போய்க்கொண்டே இருக்கும். விற்கவும் முடியாத, வண்டும் தின்னக்கூடிய சரக்குக்கு முதலீடு என்று பெயர் வைக்க என்னால் முடியாது.

இப்போது அந்த 410. வாரம் இரண்டரை என்றால் வருஷத்துக்கு 130 சுருட்டு பிடிக்கிறீர்கள். ஆகவே வீட்டில் மூன்று வருஷத்துக்கு மேல் சரக்கு இருக்கிறது. ஏலத்தில் ஒன்றுக்கு 1.19 டாலர் மிச்சம் என்று தாராளமாக வைத்தாலும், போன வருஷம் உண்மையில் பிடித்த 130-ல் உங்கள் லாபம் 155 டாலர்தான். அந்த 155-ஐச் சம்பாதிக்க, சராசரி 5.50 என்று பார்த்தால் கிட்டத்தட்ட 2,250 டாலரை மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறீர்கள். உங்கள் தேவை மாதம் 60 டாலர். செலவு 250. கிரெடிட் கார்டில் பாக்கி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, இருந்தால் வட்டி அந்த 155-ஐ எப்போதோ தின்றிருக்கும்.

இதைவிடப் பெரிய தொகை ஒன்று உங்கள் கண்ணில் படவே இல்லை, காப்பீடு. மருத்துவக் காப்பீட்டில், ஒபாமா காலச் சட்டத்தின்படி, ஆறு மாத சராசரியில் வாரம் நான்கு தடவையோ அதற்கு மேலோ புகையிலை உபயோகித்தால் பிரீமியத்தை 50 சதவீதம் வரை கூட்டலாம். நீங்கள் இரண்டு மூன்றில் இருக்கிறீர்கள், வீட்டில் 410 இருந்தால் நான்குக்குப் போவது சுலபம். ஆயுள் காப்பீட்டில் இன்னும் கறார். எப்போதாவது ஒரு சுருட்டு பிடிப்பவருக்குச் சில நிறுவனங்கள் புகைக்காதவர் கட்டணமே தருகின்றன, ஆனால் நிக்கோடின் பரிசோதனையில் தேற வேண்டும், உங்கள் அளவு அந்த "எப்போதாவது"க்குள் அடங்காது. விண்ணப்பத்தில் மறைக்கவும் கூடாது, பின்னால் குடும்பம் பணம் கேட்கும்போது அதுவே வினையாகும். உடம்புக்கு ஆகும் செலவை உங்கள் டாக்டர் சொல்வார், என் கணக்கில் அது வராது.

கடைசியாக அந்த 91 டாலர் பெட்டி. 92 கேட்டு ஜெயித்தாலும் கடை விலைக்குக் கீழேதான் இருப்பீர்கள், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் விடுங்கள். இன்று ராத்திரி அதை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போகட்டும், என்ன விலைக்கு எடுத்தார் என்று மட்டும் பார்த்து நோட்டில் முதல் வரியாக எழுதுங்கள்.