எது அசல்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் சிட்னியில் வசிக்கிறேன். அண்மையில் குடும்பத்துடன் கான்பெரா சென்று தேசியக் கலைக்கூடத்தைப் பார்த்தோம். வண்ணம் தீட்டிய 200 மரத்தண்டுகள் நிற்கும் கூடம் என்னை உலுக்கிவிட்டது. வார்த்தையே வரவில்லை. பாலைநிலத்து ஓவியங்களும் அப்படித்தான். ஆனால் இன்றைய தொல்குடிக் கலைஞர்கள் என்று காட்டப்பட்ட பகுதிக்கு வந்ததும் எல்லாம் வடிந்துவிட்டது. கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடிக் கிழங்குகள், ஒளிப்படங்கள், காணொளிகள். குறிப்புகளைப் படித்தால் பெரும்பாலோர் நகரத்தில் வளர்ந்து கலைக்கல்லூரியில் படித்தவர்கள். சிலர் பார்ப்பதற்கு வெள்ளைக்காரர்களைப் போலவே இருக்கிறார்கள். மண்ணோடு இருந்த தொடர்பு அறுந்துபோன பிறகும் ‘என் மண்’, ‘என் மூதாதையர்’ என்று பேசுவது வெறும் அடையாள உத்திதானா? அசலான தொல்குடிக் கலை இன்னும் எத்தனை காலம் தாங்கும்?

கூடவே இரண்டு சிறு கேள்விகள். புள்ளி ஓவியங்களின் குறியீடுகளைப் புரிந்துகொள்ள ஒரு நூல் சொல்ல முடியுமா? வீட்டில் மாட்ட ஓர் ஓவியம் வாங்கலாமா, அல்லது அது தவறா?

ர.

அன்புள்ள ர.,

சில வாரங்களாகவே ஆல்பர்ட் நமட்ஜிரா என்ற தொல்குடி ஓவியரைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் அவர் பெயர் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது அவரை வாழ்நாள் முழுக்கவும், செத்த பிறகும் துரத்திய அதே கேள்வி. அதனால்தான் இதைத் தனிமடலில் முடித்துக்கொள்ளாமல் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் அந்த மரத்தண்டுகள். அவற்றின் முன் பேச்சற்று நின்றீர்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி. அவை சவப்பெட்டிகள். வடக்கே ஆர்னெம் நிலத்தில், கறையான் உள்ளே தின்று குடைந்த மரத்தண்டுக்குள் இறந்தவரின் எலும்புகளை வைப்பது வழக்கம். 1988ல் ஆஸ்திரேலியா தன் குடியேற்றத்தின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியபோது, ஆண்டுக்கு ஒன்றாக 200 தண்டுகளை ராமிஞ்சினிங் பகுதிக் கலைஞர்கள் செய்துவைத்தார்கள். நடுவே நீங்கள் நடந்த வளைந்த பாதை கிளைட் ஆற்றின் கழிமுகம். எந்தக் குலத்தின் நிலம் ஆற்றின் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்தில் அவர்களுடைய தண்டுகள்.

இதில் நீங்கள் கவனிக்கத் தவறியது ஒன்றுண்டு. நீங்கள் தொன்மையானது என்று உருகியது கலைக்கூடத்துக்கென்றே செய்யப்பட்ட ஒரு நவீன நிறுவல். அதன் கருத்தை உருவாக்கிய ஜான் மண்டைன் ஆர்னெம் நிலத்தவரே அல்ல, நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையின் பன்ஜலங் இனத்தவர். உங்கள் அளவுகோலைக் கையில் எடுத்தால் உங்களை உலுக்கியதையே முதலில் வெளியே தள்ள வேண்டியிருக்கும்.

சிலர் வெள்ளைக்காரர்களைப் போல இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்டில் குடியிருந்துகொண்டு இதை எழுதலாமா? கலப்பில் பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிடுங்கி விடுதிகளிலும் வெள்ளைக் குடும்பங்களிலும் வளர்ப்பதை 1970 வரைக்கும் அரசே கொள்கையாக நடத்தியது. 1997ல் அதுபற்றிய விசாரணை அறிக்கை வந்தது. 2008 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மொழியையும் ஊரையும் பிடுங்கிக்கொண்டவர்கள், பிறகு அந்தப் பேரப்பிள்ளைகளிடமே ‘உனக்கு மொழியும் தெரியவில்லை, ஊரிலும் இல்லை, நீ எப்படி அசல்?’ என்று கேட்டார்கள். நீங்கள் புதிதாக வந்தவர். அந்தக் கேள்வியைக் கடன் வாங்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. இதற்குமேல் இதைப்பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

அந்தக் கண்ணாடிக் கிழங்குகளுக்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது யோனி ஸ்கார்ஸ் 2015ல் செய்த ‘இடி பொழியும் நஞ்சு’ என்ற படைப்பாக இருக்க வேண்டும். கையால் ஊதிய சுமார் 2000 கண்ணாடிக் கிழங்குகள், ஒரு மேகம்போல. ஸ்கார்ஸ் கொகதா, நுகுனு இனத்தவர். பிறந்த ஊர் தென் ஆஸ்திரேலியாவின் வூமெரா, ஏவுகணைச் சோதனைக்காகவே கட்டப்பட்ட ஊர். அதற்கு மேற்கே மரலிங்கா. 1956லும் 57லும் பிரிட்டன் அங்கே ஏழு அணுகுண்டுகளை வெடித்தது. நச்சைப் பரப்பிய சிறிய சோதனைகள் 1963 வரை நடந்தன. வெடிப்பின் சூட்டில் பாலைமணல் உருகிக் கண்ணாடியானது. அந்த நிலத்துக்காரர்கள் தோண்டித் தின்றுவந்தது காட்டுக்கிழங்கு. இப்போது சொல்லுங்கள், மண்ணோடு தொடர்பில்லாத பொருளா கண்ணாடி? அந்த மண்ணுக்கு நேர்ந்ததை அதைவிட நேராகச் சொல்ல வேறெந்தப் பொருளால் முடியும்? காவி மண்ணைக் குழைத்து மரப்பட்டையில் தீட்டியிருந்தால் உங்களுக்குப் பிடித்திருக்கும், படமும் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். குண்டு மட்டும் அதில் இருந்திருக்காது.

நமட்ஜிராவுக்கு வருகிறேன்.

முன்பு ஒருமுறை நடு ஆஸ்திரேலியாவின் பாலைநில நகரமான ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போயிருந்தபோது, நினைவுப்பொருள் விற்கும் ஒரு கடையில் அவருடைய ஓவியத்தின் பழைய அச்சுப்பிரதி மூலையில் கிடந்தது. வெள்ளை மரம், பின்னால் ஊதா மலை. நான் அதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட விற்பனைப் பெண், மிகுந்த அக்கறையோடு, “அது உண்மையான தொல்குடி ஓவியம் இல்லை, இதைப் பாருங்கள்” என்று புள்ளிவைத்த சாவிக்கொத்து ஒன்றை நீட்டினாள். அந்தச் சாவிக்கொத்து எந்த நாட்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்பது அவளுக்கே தெரியாது. அச்சை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அன்று சாயங்காலம் நண்பர் என்னை மக்டொனெல் மலைத்தொடருக்குக் காரில் அழைத்துச்சென்றார். சூரியன் இறங்க இறங்க, செம்மலை கருநீலமாகாமல் ஊதாவானது. மிகைப்படுத்தல் என்று ஓவியத்தில் நான் நினைத்திருக்கக்கூடிய அதே ஊதா. நண்பர் செல்பேசியில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்.

நமட்ஜிரா 1902ல் ஹெர்மன்ஸ்பர்க் லூதரன் மிஷனில் பிறந்த அரெர்ன்டே இனத்தவர். ரெக்ஸ் பாட்டர்பி என்ற வெள்ளை ஓவியர் 1936ல் வரைய வந்தபோது அவருக்கு ஒட்டகம் ஓட்டிப் போய், பதிலுக்கு நீர்வண்ணம் கற்றுக்கொண்டார். 1938ல் மெல்பர்னில் முதல் தனிக்கண்காட்சி, எல்லாம் விற்றுத்தீர்ந்தன. நாட்டின் வரவேற்பறைகள் தோறும் அவர் மலைகள் தொங்கின. 1954ல் எலிசபெத் அரசியிடம் அறிமுகம் செய்துவைக்கப்பட்டார்.

விமர்சகர்களோ உதட்டைப் பிதுக்கினார்கள். ஐரோப்பியப் பாணியை நன்றாகக் கற்றுக்கொண்ட ஒருவர், அவ்வளவுதான் என்றார்கள். தொல்குடித்தன்மை எங்கே? உங்கள் கேள்விதான் ர., அப்படியே, எழுபது எண்பது வருடத்துக்கு முன்னால். அவர் திரும்பத் திரும்ப எந்த மலையை, எந்தப் பள்ளத்தாக்கை வரைந்தார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கண்ணில் பட்ட அழகான இடத்தையெல்லாம் வரைந்தவர் அல்ல அவர். பிறப்பாலும் உறவாலும் தனக்குக் கடமையிருந்த நிலங்களை வரைந்தார். வாங்கியவர்கள் அதை இயற்கைக்காட்சி என்று மாட்டிக்கொண்டார்கள். வரைந்தவருக்கு அது பாட்டும் சடங்கும் பொறுப்பும் உள்ள இடம்.

அவர் மேய்ச்சல் நிலம் ஒன்றைக் குத்தகைக்குக் கேட்டார், மறுத்தார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்ட அனுமதி கேட்டார், அதையும் மறுத்தார்கள். வருமான வரி மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அந்த நிலத்தை வரைந்து அவர் புகழ்பெறலாம், அதில் ஒரு துண்டுகூட அவருக்குக் கிடையாது. வடக்குப் பிரதேசத்தின் தொல்குடியினர் ஏறக்குறைய எல்லோரும் அன்று அரசின் காப்புக்குட்பட்டவர்கள், சட்டத்தின் கண்ணில் குழந்தைகள். 1957ல் நமட்ஜிராவுக்கும் மனைவிக்கும் மட்டும் அதிலிருந்து விலக்குத் தந்தார்கள். ஓட்டுப் போடலாம், மது வாங்கலாம். பிள்ளைகளும் உறவினரும் பழைய நிலையிலேயே. கையிலிருப்பதை உறவோடு பகிராதவன் மனிதனே அல்ல என்பது அவர்களின் நெறி. பகிர்ந்தார். மறுவருடம், உறவினருக்கு மது கிடைக்கச்செய்த குற்றத்துக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆறு மாதம், மேல்முறையீட்டில் மூன்று. அந்தத் தண்டனையில் ஏறக்குறைய இரண்டு மாதங்களை பாப்புன்யா என்ற தொல்குடிக் குடியிருப்பில் கழித்தார். திரும்பிவந்தவர் பழைய நமட்ஜிரா இல்லை. 1959 ஆகஸ்டில் இறந்தார்.

அதே பாப்புன்யாவில்தான் 1971ல், பள்ளி ஆசிரியர் ஜெஃப்ரி பார்டன் ஊக்கத்தில் முதியவர்கள் பள்ளிச்சுவரில் தேனெறும்பின் கதையை வரைந்தார்கள். நீங்கள் உருகிய பாலைநில ஓவியங்கள் தொடங்கியது அங்கே. பலகையும் அக்ரிலிக்கும் வெள்ளைக்காரர் கொண்டுவந்தவை. ஆக, நீர்வண்ணம் போலி, அக்ரிலிக் அசல். காரணம் கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. ஒன்றில் நமக்குத் தெரிந்த மலை இருக்கிறது, மற்றதில் நமக்குப் புரியாத வட்டம் இருக்கிறது. புரியாததை அசல் என்கிறோம்.

‘மண்ணோடு தொடர்பு’ என்று நீங்கள் எழுதும்போது ஓர் உணர்ச்சியைச் சொல்கிறீர்கள். ஏக்கம், வேர், வாசனை. அவர்களுக்கு அது சட்டம். ஓர் இடத்தின் கதையை வரைய தந்தைவழி உரிமை வேண்டும். தாய்வழி உரிமையுள்ளவர் அருகிலிருந்து சரியாக வரைகிறானா என்று பார்ப்பார். உரிமையில்லாத கதையை எடுத்தால் குற்றம். 1963ல் ஆர்னெம் நிலத்திலுள்ள கோவ் தீபகற்பத்தின் நிலத்தை பாக்சைட் சுரங்கத்துக்குக் கொடுத்தபோது யிர்கலாவின் யோல்ங்கு மக்கள் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். தட்டச்சு செய்த தாள் நடுவில், அதை ஒட்டிய மரப்பட்டையின் ஓரமெங்கும் குல ஓவியங்கள். அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். அது அவர்களின் பத்திரம். 1971ல் நீதிமன்றத்தில் தோற்றார்கள், 1976ல் நில உரிமைச் சட்டம் வந்தது. அந்த மனு இன்றும் கான்பெரா நாடாளுமன்றக் கட்டடத்தில் இருக்கிறது. கலைக்கூடத்திலிருந்து காரில் சில நிமிடம். போகவில்லை அல்லவா?

1997ல் மேற்கே பெரு மணற்பாலையின் மக்கள் தம் நிலம் தமதுதான் என்பதை நடுவர் மன்றத்துக்கு ஆங்கிலத்தில் நிரூபிக்க முடியாமல், எட்டுக்குப் பத்து மீட்டரில் ஒரு திரையை விரித்து நாட்டையே அதில் வரைந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தன் நீர்க்குழியின் மேல் ஏறி நின்று, தன் மொழியில் சாட்சி சொன்னார்கள். 2007ல் உரிமை கிடைத்தது. ஓவியத்தின்மேல் கால்வைத்து நின்றுகொண்டு! நம் கலைக்கூடங்களில் காவலாளி விசில் ஊதியிருப்பார்.

நமட்ஜிராவின் கதை அவரோடு முடியவில்லை. 1983ல் அவரது ஓவியங்களின் பதிப்புரிமையை அரசு அறங்காவலர் 8,500 டாலருக்கு விற்றுவிட்டார். குடும்பத்தாரைக் கேட்கவில்லை. 2017ல்தான் அது ஒரு டாலருக்கு அறக்கட்டளை வழியாகக் குடும்பத்திடம் திரும்பியது. கொள்ளுப்பேரன் வின்சென்ட் நமட்ஜிரா 2020ல் ஆர்ச்சிபால்ட் பரிசை வென்றார், உருவப்படங்களுக்காக 1921லிருந்து கொடுக்கப்படும் பரிசு, பெற்ற முதல் தொல்குடியர் அவர். தாயை இழந்து, சிறுவயதிலேயே பாலையிலிருந்து பெர்த்துக்கு வளர்ப்புக் குடும்பத்துக்கு அனுப்பப்பட்டவர். வளர்ந்தபின் ஹெர்மன்ஸ்பர்க் திரும்பி உறவைத் தேடினார். அக்ரிலிக்கில் அரசியையும் காப்டன் குக்கையும் கேலிச் சிரிப்போடு வரைகிறார், சிலவற்றில் தன்னையும் அவர்கள் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார். உங்கள் கணக்கில் தொடர்பு அறுந்தவர். கொள்ளுத்தாத்தாவை அரசியிடம் கூட்டிப்போய் நிறுத்தியவர்களுக்கு இப்போது இவர் பதில் மரியாதை செய்கிறார், வேறென்ன?

‘அசல் இன்னும் எத்தனை காலம் தாங்கும்’ என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அக்கறையும் இல்லை. அது காலாவதித் தேதி பார்ப்பவர்களின் கவலை.

நூல்? குறியீட்டு அகராதிகளை வாங்காதீர்கள். அரைவட்டம் என்றால் உட்கார்ந்திருக்கும் பெண், வட்டம் என்றால் நீர்நிலை என்பது வெளியாருக்குச் சொல்லும் அரிச்சுவடி. அதற்குள்ளே இருப்பது உங்களுக்கும் எனக்கும் உரியதல்ல. ஆரம்பகால பாப்புன்யாப் பலகைகளில் வெளியாட்கள் பார்க்கக்கூடாதவை இருந்ததென்று அவர்களுக்குள்ளேயே பெரிய சண்டை வந்தது. எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே தீரவேண்டுமா என்ன?

ஓவியம் தாராளமாக வாங்குங்கள். வரைந்தவர் பெயர், இனம், எந்த ஊர் என்று கேளுங்கள். விற்பவர் தடுமாறினால் கிளம்பிவிடுங்கள். தொல்குடிச் சமூகங்களே நடத்தும் கலைமையங்கள் இருக்கின்றன, பணம் வரைந்தவருக்குப் போகும். நாளை நீங்கள் அதைக் கலைச்சந்தை வழியாக 1000 டாலரோ அதற்குமேலோ விற்றால், சட்டப்படி ஐந்து சதவீதம் கலைஞருக்கோ வாரிசுக்கோ சேரும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இல்ட்ஜா ந்ட்ஜாரா என்ற மையத்தில் நமட்ஜிராவின் வழிவந்தவர்கள் இன்றும் நீர்வண்ணத்தில் மலை வரைகிறார்கள். அதில் புள்ளி இருக்காது. பரவாயில்லை என்றால் அங்கே கேட்டுப்பாருங்கள்.

அன்புடன்.