யார் தைத்த போர்வை? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். சென்ற மாதம் பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பகுதிக்குக் குடும்பத்துடன் போயிருந்தோம். பழைய முறையில் எளிமையாக வாழும் ஆமிஷ் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று நடத்தும் கடையில் ‘கண்ட்ரி பிரைட்’ என்ற வகைக் குயில்ட் ஒன்று, அதாவது துணிகளை அடுக்கிச் சேர்த்துத் தைத்த போர்வை, இருந்தது. வெளிர்நிறத் துணியில் புறாக்கள், இதயங்கள், பூக்கள். ஆயிரம் டாலருக்கு மேல் விலை. பணம் கொடுக்கப் போகும் நேரத்தில், “பூ வேலை ஹ்மாங் பெண்கள் செய்தது, மேல்தையல் எங்கள் பெண்கள் போட்டது” என்று கடைக்காரப் பெண்மணி சொன்னார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. வாங்காமல் திரும்பிவிட்டேன். லாவோஸிலிருந்து வந்தவர்கள் தைத்ததை ஆமிஷ் குயில்ட் என்று விற்பது மோசடி என்கிறார் என் கணவர். உண்மையான ஆமிஷ் குயில்ட் எது? கடவுளுக்கு மட்டுமே குறையின்மை உண்டு என்பதால் அதில் வேண்டுமென்றே ஒரு பிழை விட்டுத் தைப்பார்கள் என்று படித்தேன். அது சரிதானா?

எம்., நியூ ஜெர்சி

அன்புள்ள எம்.,

நீங்கள் கேட்காமலேயே அந்தப் பெண்மணி உண்மையைச் சொல்லியிருக்கிறார். மோசடி செய்கிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை. உங்கள் மனம் ஏன் சுருங்கியது என்பது எனக்குப் புரிகிறது. உலகத்திலிருந்து விலகி வாழும் ஒரு சமூகம், தொன்றுதொட்டுத் தனக்கென்றே வைத்திருக்கும் கலை என்று நினைத்து நீங்கள் அந்தப் போர்வையைத் தொட்டிருக்கிறீர்கள். அந்த நினைப்புதான் சரியில்லை. போர்வையில் ஒரு குறையும் இல்லை.

ஆமிஷ் மக்கள் ஐரோப்பாவிலிருந்து வரும்போது குயில்ட் தைக்கும் வழக்கத்தைக் கொண்டுவரவில்லை. வயதுவந்த பிறகே ஞானஸ்நானம் என்ற கொள்கைக்காக 16ஆம் நூற்றாண்டில் வேட்டையாடப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். மென்னோ சைமன்ஸ் என்ற மதகுருவின் பெயரால் மென்னோனைட்டுகள் என்று அழைக்கப்பட்ட கூட்டத்திலிருந்து, 1693இல் யாக்கோப் அம்மானைப் பின்பற்றிப் பிரிந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறியபோது அவர்கள் குளிருக்குப் போர்த்திக்கொண்டவை இறகு மெத்தைகளும் தறியில் நெய்த விரிப்புகளும்தான். ஆங்கிலம் பேசும் அக்கம்பக்கத்தாரிடமிருந்து குயில்ட் தைக்கக் கற்றுக்கொண்டார்கள். 1870களுக்கு முந்தைய ஆமிஷ் குயில்ட் கிடைப்பதே அரிது. சுற்றியிருந்தவர்களிடையே வழக்கம் நன்றாக வேரூன்றிய பிறகுதான் இவர்கள் கைக்கு அது வந்தது. ஆகவே கடன் வாங்கிய கலை என்று சொன்னால், ‘அசல்’ என்று நீங்கள் தேடுகிற பழைய குயில்ட்டும் கடன் வாங்கியதே.

ஆனால் வாங்கியதை அவர்கள் என்னவாக ஆக்கினார்கள்! லான்காஸ்டரின் பழைய ‘சென்டர் டயமண்ட்’ வகைக் குயில்ட் ஒன்றை அருங்காட்சியகத்தில் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். பெரிய சதுரம் ஒன்றை மூலையில் நிறுத்தியதுபோல நடுவில் ஒரு வைரம். சுற்றிலும் அகலமான கரைகள். அச்சுப் பூ எதுவும் கிடையாது, எல்லாம் ஒரே நிறத் துணிகள், மெல்லிய கம்பளி. அடர்சிவப்புக்கு அருகில் ஊதா, ஊதாவுக்கு அருகில் நீலப்பச்சை. பத்தடி தள்ளி நின்றால் இவ்வளவுதான் தெரியும். கிட்டே போய்ப் பக்கவாட்டில் பார்த்தபோது இன்னொரு போர்வை எழுந்து வந்தது. வைரத்தின் நடுவில் எட்டு முனை நட்சத்திரம், அதைச் சுற்றி இறகு மாலை, கரை முழுவதும் வளைந்து ஓடும் இறகுக் கொடி. அத்தனையும் துணியின் நிறத்தோடு கலந்துவிடும் கருத்த நூலில் போட்ட தையல். கண்ணை உறுத்தக்கூடாது என்பதற்காகவே நூலுக்கு அந்த நிறம் என்று எனக்குத் தோன்றியது.

அந்த மேல்தையலைப் போடுவது எளிதல்ல. மேல்துணியைக் கால்மிதி இயந்திரத்தில் துண்டு சேர்த்துத் தைத்துவிடலாம். ஆமிஷ் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். பிறகு மேல்துணி, பஞ்சடுக்கு, அடித்துணி மூன்றையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுகிறார்கள். வலது கையின் நடுவிரலில் அங்குஸ்தான் என்ற விரலுறை. இடது கை சட்டத்துக்கு அடியில். குட்டையான ஊசியை மேலிருந்து இறக்கும்போது கீழே காத்திருக்கும் விரல் அதன் முனையைத் தொட்டு உணர்ந்து மேலே தள்ளிவிட வேண்டும். அப்படி மூன்று நான்கு தையல்களை ஊசியில் ஏற்றிக்கொண்டு நூலை ஒரேயடியாக இழுப்பார்கள். ஓர் அங்குலத்துக்குள் எட்டு, பத்துத் தையல்கள். கீழ் விரலின் நுனி ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போகும். ஒரு சட்டத்தைச் சுற்றிப் பல பெண்கள் உட்கார்ந்து தைப்பது வழக்கம் என்பதால், பழைய போர்வைகளில்கூட ‘இது இன்னார் தைத்தது’ என்று ஒற்றைப் பெயர் சொல்வது கடினம்.

உலகம் இவற்றைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது 1971க்குப் பிறகு. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஜொனதன் ஹோல்ஸ்டைன், கெயில் வான் டெர் ஹூஃப் இருவரும் அமெரிக்கக் குயில்ட்டுகளைச் சுவரில் ஓவியங்களைப் போல மாட்டிக் காட்டினார்கள். அரூப ஓவியம் பழகிய கண்களுக்கு அவை மார்க் ராத்கோவையும் ஜோசப் ஆல்பர்ஸையும் நினைவூட்டின. ஆமிஷ் குயில்ட்டுக்குப் பித்துப்பிடித்ததுபோல் ஒரு தேவை கிளம்பியது. வணிகர்கள் பண்ணை பண்ணையாகப் போய் வாங்கினார்கள். அந்த ஓவியங்களைப் பற்றி எழுதும்போது ஓவியர் பெயரை எவரும் விடுவதில்லை. போர்வையைத் தைத்தவளோ ‘பெயர் அறியப்படாத ஆமிஷ் பெண்’. சிலவற்றின் மூலையில் இரண்டு எழுத்தும் ஓர் ஆண்டும் இருக்கும், அவ்வளவுதான். என்னை உண்மையில் வருத்துவது இதுதான்.

பழையவை தீர்ந்ததும் சுற்றுலாப் பயணிகளுக்காகப் புதியவை தைக்கும் தொழில் வளர்ந்தது. வந்தவர்கள் கேட்டது அடர்நிறக் கம்பளியை அல்ல. படுக்கையறைக்குப் பொருந்தும் வெளிர்நிறங்களையும் பூக்களையும். நீங்கள் பார்த்த ‘கண்ட்ரி பிரைட்’ 1980களில் பரவிய வடிவம். அதற்குத் துணியைப் பூவாக, இலையாக வெட்டி, விளிம்பை உள்ளே மடித்து, தையல் தெரியாமல் பதிக்கும் அப்ளிக் வேலை வேண்டும். பழைய ஆமிஷ் குயில்ட்டில் இது பெரும்பாலும் கிடையாது. அதே காலத்தில், 1975க்குப் பிறகு லாவோஸிலிருந்து தப்பி, தாய்லாந்து முகாம்களில் கிடந்த ஹ்மாங் குடும்பங்கள் சில லான்காஸ்டரில் வந்து சேர்ந்தன. அவர்களை வரவழைத்துக் குடியமர்த்தியதில் மென்னோனைட் சபைகளுக்குப் பங்கு உண்டு. ஹ்மாங் பெண்கள் ‘பாந்தவ்’ என்னும் பூத்துணி வேலையில் சிறுவயதிலிருந்தே தேர்ந்தவர்கள். ஓர் அரிசி மணி அளவுக்கு விளிம்பு மடித்துத் தைக்கத் தெரிந்த கைகள். அந்த ஊரில் அந்த வேலைக்கு அவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? மதத்துக்காக விரட்டப்பட்டவர்களின் வாரிசுகளும் போரால் விரட்டப்பட்டவர்களும் ஒரே துணியில் வேலை செய்திருக்கிறார்கள். அதைக் குறையாக என்னால் பார்க்க முடியவில்லை. ஹ்மாங் பெண்ணின் பங்கை மறைத்து விற்கும் கடை இருந்தால் உங்கள் கணவரின் கோபம் முழுக்க நியாயம். நீங்கள் போன கடை அப்படிப்பட்டதல்ல.

வேண்டுமென்றே விடும் பிழை கட்டுக்கதை. குயில்ட் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் அதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: ‘நானாக ஒரு பிழை விடாவிட்டால் என் வேலை குறையற்றதாகிவிடும்’ என்று நினைப்பதைவிடப் பெரிய கர்வம் உண்டா? தாழ்மையை இத்தனை கடுமையாகக் கடைப்பிடிக்கும் மக்கள் தலையில் அதைக் கட்டியிருக்கவே கூடாது.

மென்னோனைட்டுகளின் இன்னொரு போர்வையையும் சொல்ல வேண்டும். அதை எவரும் சுவரில் மாட்டுவதில்லை. மென்னோனைட் மத்தியக் குழு 1920இல் தொடங்கிய நிவாரண அமைப்பு. தன்னார்வலர்கள் மீந்த துணிகளைச் சதுரமாக வெட்டிச் சேர்த்து, நுணுக்கமான தையலுக்கு நேரம் செலவிடாமல், சில அங்குலத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு முடிக்கும் தடித்த போர்வைகளை இந்த அமைப்பு வழியே சிரியா, ஜோர்டான், உக்ரைன் போன்ற இடங்களுக்கு அனுப்புகிறார்கள். நுணுக்கமான குயில்ட்டுகளை நிவாரண விற்பனைகளில் ஏலம் விட்டு, அந்தப் பணமும் அதே வேலைக்குப் போகிறது. கனடாவின் நியூ ஹாம்பர்க்கில் 1967 முதல் இப்படி ஒரு விற்பனை நடக்கிறது.

அந்தக் குயில்ட் இன்னும் கடையில் இருந்தால் வாங்கிவிடுங்கள். பூ வேலை செய்தவர், மேல்தையல் போட்டவர் இருவரின் பெயரையும் கேளுங்கள். அவர்களுக்குச் சம்மதமானால் பின்பக்க மூலையில் ஒரு துணித்துண்டில் எழுதித் தைத்து வையுங்கள். வெயில் நேராக விழும் இடத்தில் விரிக்காதீர்கள், நிறம் போய்விடும். அந்தக் குயில்ட் விற்றுப்போயிருந்தால், குளிர் முடியும் பருவத்தில் லான்காஸ்டரின் சிற்றூர்களில் தன்னார்வத் தீயணைப்புப் படைகளுக்காக ‘மட் சேல்’ ஏலங்கள் நடக்கும். உருகிய பனியில் தரையெல்லாம் சேறாகிவிடும், பழைய பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள். குயில்ட்டுகளை உயர்த்திப் பிடித்துக் கூவும்போது முன்வரிசையில் நின்றால் தையலை நன்றாகப் பார்க்கலாம். கணவரையும் அழைத்துப் போங்கள்.

அன்புடன்.