ஆணுறை திரும்பத் திரும்பக் கிழிந்தால்

ஆசனவாய் உறவின்போது ஆணுறை அடிக்கடி கிழிகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பிராண்டை மாற்றிப் பயனில்லை, மசாஜ் எண்ணெய்தான் முதல் சந்தேகம். காசு கொடுத்து அழைக்கும் துணை மசாஜில்தான் தொடங்குவார் என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய், வாசலின், பாடி லோஷன் எதுவானாலும் ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பரைச் சில நிமிடங்களில் பலவீனமாக்கிவிடும். அவர் கையில் ஒட்டியிருப்பதே போதும்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள்:

1. மசாஜ் முடிந்ததும் இருவரும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு தண்ணீர் அல்லது சிலிகான் சார்ந்த லூப் (வழுவழுப்பு ஜெல்) மட்டும். ஆசனவாயில் இயற்கையான வழுவழுப்பு கிடையாது, அதனால் கஞ்சத்தனம் வேண்டாம். காய்ந்தால் மறுபடி தடவுங்கள்.

2. உறையைப் பிரிக்குமுன் காலாவதித் தேதி பாருங்கள், அழுத்தினால் உள்ளே காற்று தெரியவேண்டும். பர்ஸில் மாதக்கணக்கில் கிடந்தது குப்பைக்கு. அணியும்போது நுனியைக் கிள்ளிப் பிடியுங்கள். இரண்டு உறை ஒன்றன்மேல் ஒன்று? வேண்டவே வேண்டாம்.

இதற்குப் பிறகும் கிழிந்தால் அளவு இறுக்கமாக இருக்கலாம், அகலம் கூடியதை வாங்குங்கள்.

உறையும் லூப்பும் நீங்களே கொண்டுபோங்கள், அதை முன்கூட்டியே மெசேஜில் சொல்லிவிடுங்கள். முகம் சுளிப்பவரை ரத்து செய்யத் தயங்காதீர்கள்.

ஒன்று மட்டும்: கடைசியாகக் கிழிந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் இதையெல்லாம் விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் பெப் (PEP, எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் அவசர மருந்து) கேளுங்கள். 28 நாள் மாத்திரை, எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு பலன்.